வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி: சட்டத்தில் தொடங்கிப் பூட்டு வரை, கடலூர் – புதுச்சேரிக்காரர்களுக்கு முழு வழிகாட்டி

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த பிறகு, கடலூரில் ஒரு வங்கிக் கிளையின் வாசலில் 12 போர் (bore, குழல் துளையின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கியோடு 14 வருடம் காவல் நின்றேன். துப்பாக்கியும் உரிமமும் என் பெயரில்தான் இருந்தன. அதனால் விண்ணப்பம், விசாரணை, புதுப்பித்தல், தேர்தல் நேர ஒப்படைப்பு எல்லாவற்றையும் நானே அலைந்து முடித்திருக்கிறேன்.

இப்போதும் மாதத்துக்கு ஓரிருவர் தேடி வருகிறார்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு நடுவே வீடு கட்டியவர், நகை அடகுக் கடைக்காரர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் முதியவர். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "மிலிட்டரி அண்ணே, எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" அதற்குப் பதில் இந்த வழிகாட்டியின் ஆறாவது படியில்தான் வருகிறது. முன்னால் இருக்கும் ஐந்து படிகளைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

1. எப்போது சுடலாம், எப்போது கூடாது: இதை முதலில் படியுங்கள்

உரிமம் என்பது துப்பாக்கியை வைத்திருக்கக் கொடுக்கும் அனுமதி. சுடுவதற்கு அது அனுமதி ஆகாது. சுட்டது சரியா தவறா என்பதைத் தீர்மானிப்பது வேறு சட்டம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதா. தற்காப்புரிமை அதில் 34 முதல் 44 வரையான பிரிவுகளில் இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்ததுதான், சாரம் மாறவில்லை. தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே சட்டம்.

முதலில் 37-ஆம் பிரிவை மனப்பாடம் செய்யுங்கள். வீட்டுக்காரருக்கு முக்கியமாக அது இரண்டு கட்டுப்பாடு போடுகிறது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் தற்காப்புரிமை கிடையாது. உரிமை இருக்கும் இடத்திலும், காத்துக்கொள்ளத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. மற்ற எல்லாப் பிரிவுகளும் இந்த இரண்டுக்கும் கட்டுப்பட்டவை.

உடலைக் காக்க எதிராளியின் உயிர் போகும் அளவுக்குச் செல்லலாம் என்று 38-ஆம் பிரிவு சொல்லும் சூழல்கள் ஏழு. உயிர் போய்விடும் என்ற நியாயமான அச்சம், கொடுங்காயம் ஏற்படும் என்ற அச்சம், பாலியல் வன்கொடுமை, இயற்கைக்கு மாறான பாலியல் தாக்குதல், ஆள் கடத்தல், அரசு உதவியை நாடி வெளியே வர முடியாதபடி அடைத்து வைத்தல், ஆசிட் வீச்சு. திட்டு, மிரட்டல், கன்னத்தில் ஓர் அறை இவை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

சொத்துக்கு 41-ஆம் பிரிவு. கொள்ளை, சூரியன் மறைந்த பின், விடிவதற்கு முன் வீட்டை உடைத்து நுழைதல், ஆள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குத் தீ அல்லது வெடி வைத்தல், தடுக்காவிட்டால் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ வரும் என்று அஞ்சத் தக்க நிலையில் நடக்கும் திருட்டு, நாசவேலை, அத்துமீறல். இவ்வளவுதான்.

நம் ஊரில் நடப்பதை வைத்துப் பாருங்கள். தெருவில் நிறுத்திய பைக்கை ஒருவன் தள்ளிக்கொண்டு போகிறான். மாடியிலிருந்து சுட்டால் அது குற்றம். பட்டப்பகலில் பங்காளி வரப்பை வெட்டித் தள்ளுகிறான். சுட்டால் குற்றம். நள்ளிரவில் பின்பக்கக் கம்பியை அறுத்துக் கையில் அரிவாளோடு ஒருவன் கூடத்துக்குள் வந்துவிட்டான். இங்கே உரிமை இருக்கிறது. அவனே உங்களைக் கண்டதும் திரும்பிச் சுவர் ஏறிக் குதித்து ஓடுகிறான் என்றால் உரிமை அந்த நொடியே முடிந்தது. இரவில் வீடு உடைத்து நுழைந்தவன் உள்ளே இருக்கும் வரைதான் அது நீடிக்கும் என்று 43-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ஓடுபவன் முதுகில் பட்ட குண்டுக்கு நீதிமன்றத்தில் விளக்கம் சொல்வது மிகக் கடினம்.

மேலும் இரண்டு செய்தி. தற்காப்புக்காகச் செய்தேன் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அரசுத் தரப்பு குற்றத்தை ஐயமற நிரூபிக்க வேண்டும். உங்களுக்கு அவ்வளவு கடுமை இல்லை, 'இப்படித்தான் நடந்திருக்கக் கூடும்' என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். 2010-இல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநில வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையின் கொள்கைகளைத் தொகுத்துத் தந்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து கண்முன் நிற்கும்போது தற்காப்பைத் தராசில் வைத்து அளந்து பார்க்க முடியாது என்று ஏற்ற நீதிமன்றம், இது பழி தீர்க்கும் உரிமை அல்ல என்பதையும் சேர்த்தே சொன்னது. உங்கள் வழக்கறிஞரிடம் அந்தத் தீர்ப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

2. கதவும் விளக்கும் முதலில்

துப்பாக்கியை எடுத்து, தோட்டா போட்டு, கண் தெளிந்து நிற்க ஒரு மனிதனுக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தைத் தருவது கதவு. பின்கதவுக்கு இரும்புக் கம்பிக் கதவு, உள்ளே குறுக்குத் தாழ்ப்பாள், கொல்லைப்புறத்தில் ஆள் நடமாடினால் எரியும் விளக்கு, வாசலில் கேமரா. இவை எதற்கும் உரிமம் தேவையில்லை.

வீட்டில் எல்லாருக்கும் 112 தெரிந்திருக்க வேண்டும். மேலே சொன்ன 37-ஆம் பிரிவுக்காகவும்தான் சொல்கிறேன். அழைத்த நேரம் பதிவாகியிருந்தால், உதவியை நாடினீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி.

ஊரைவிட்டு வெகுநாள் போகிறவர்கள் பூட்டிய வீட்டின் விவரத்தைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். ரோந்துக் காவலர் எட்டிப் பார்ப்பார்.

தோப்பு வீட்டுக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பன்றிக்குப் போடுவதாகச் சொல்லி வேலியில் மின்சாரம் விடாதீர்கள், நாட்டுத் துப்பாக்கி வாங்கி வைக்காதீர்கள். மின்வேலி திருடனையும் தெரியாமல் வரும் கூலிக்காரரையும் பிரித்துப் பார்க்காது. உரிமமில்லாத துப்பாக்கிக்கு, ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை.

3. உங்களுக்கு உரிமம் கிடைக்குமா

21 வயது நிறைந்திருக்க வேண்டும். மனநலம் சரியாக இருக்க வேண்டும். வன்முறை அல்லது ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்றால், தண்டனைக் காலம் முடிந்து 5 ஆண்டு வரை வழியில்லை. நன்னடத்தைப் பிணையில் இருப்பவருக்கும் கிடையாது.

இவற்றைத் தாண்டியவர்கள் விழும் இடம் 'காரணம்'. 2016 ஆயுத விதிகளின்படி, தொழிலாலோ வேறு சூழலாலோ உயிரையும் உடைமையையும் காக்க உண்மையான தேவை இருப்பவருக்கே உரிமம் பரிசீலிக்கப்படும். "தற்காப்புக்காக" என்று ஒற்றைச் சொல் எழுதிய விண்ணப்பங்கள் திரும்பி வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தேவையைக் காகிதத்தில் காட்டுங்கள். முன்பு திருட்டு முயற்சி நடந்ததா? கொடுத்த புகாருக்கான சி.எஸ்.ஆர். ரசீது, எப்.ஐ.ஆர். நகல் இருக்கிறதா? கடைக்குப் பணம் எடுத்துப் போகும் வழக்கம் வங்கிக் கணக்கில் தெரிகிறதா? வீடு ஊரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது? புகாரே கொடுக்காமல் "மூன்று தடவை வந்தான் சார்" என்று வாயால் சொன்னால் விசாரணை அதிகாரி எதை எழுதுவார்?

சொத்து அதிகம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று ஆயுதச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சொல்கிறது. சிறிய கடைக்காரர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

4. முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

வெள்ளைப் பின்னணியில் நான்கு பாஸ்போர்ட் அளவு புகைப்படம், பிறந்த தேதிச் சான்று, அடையாளச் சான்று, இருப்பிடச் சான்று, உடல்நலமும் மனநலமும் சரி என்ற மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று.

எல்லாவற்றிலும் பெயரும் முகவரியும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஆதாரில் திருப்பாதிரிப்புலியூர், குடும்ப அட்டையில் மஞ்சக்குப்பம் என்று இருந்தால், விசாரணை எந்த நிலையத்துக்குப் போவது என்பதிலேயே மாதங்கள் ஓடும். முதலில் அதைத் திருத்திவிட்டு விண்ணப்பியுங்கள்.

பயிற்சியைச் சான்றுக்காக மட்டும் செய்யாதீர்கள். ரைபிள் கிளப்பிலோ அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளரிடமோ போய், கை நடுக்கம் நிற்கும் வரை பழகுங்கள். முதல் வெடிச் சத்தத்தில் கண்ணை மூடிக்கொள்ளாதவர் யாரும் இல்லை. வீட்டுக்குள் அந்தச் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்கும். துப்பாக்கி வேண்டாம் என்று சிலர் முடிவு செய்வதும் அந்த மைதானத்தில்தான். அது நல்ல முடிவு, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

5. விண்ணப்பமும் விசாரணையும்

படிவம் ஏ-1. தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தின் இணையதளத்தில் நிரப்பி, அச்செடுத்து ஆவணங்களோடு கொடுக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியர். புதுச்சேரியில் அந்த மாவட்ட ஆட்சியர், காரைக்காலுக்கு அங்குள்ள ஆட்சியர். எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே விண்ணப்பிப்பதே நல்லது. பாகூரில் வீடு, கடலூரில் கடை என்றால் வீட்டைக் கணக்கில் வையுங்கள்.

பிறகு உங்கள் காவல் நிலையத்துக்கு அறிக்கை கேட்டுக் கடிதம் போகும். வருவாய்த் துறையும் விசாரிக்கும். காவல் அறிக்கைக்கு 30 நாளும், அது வந்த பின் முடிவெடுக்க 60 நாளும் விதியில் குறித்திருக்கிறது. நடைமுறையில் நீளும். மாதம் ஒருமுறை போய், விண்ணப்ப எண்ணைச் சொல்லிப் பணிவாக விசாரியுங்கள்.

விசாரணைக்கு வரும் காவலர் அக்கம்பக்கத்திலும் கேட்பார். பழைய வழக்கு எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். தெரியாமல் போனாலும் பின்னால் வெளிப்பட்டால், தகவலை மறைத்தது என்ற காரணமே உரிமத்தை ரத்து செய்யப் போதும். ஒருவர் பத்து வருடத்துக்கு முன் முடிந்துபோன அடிதடி வழக்கை எழுதாமல் விட்டார். விடுதலை ஆன வழக்கு அது, எழுதியிருந்தால் கேள்வியோடு முடிந்திருக்கும்.

இடைத்தரகர் யாரும் வேண்டாம். என்னிடமும் தொடக்கத்தில் ஒருவர் "நான் முடிச்சுத் தர்றேன்" என்று பணம் வாங்கிக்கொண்டு போனார். ஆறு மாதம் கழித்துத்தான் விண்ணப்பமே போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுநலன் கருதித் தர இயலாது என்றால் தவிர, தர வேண்டும். மறுப்பு உத்தரவின் தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள். தேதி தவறிவிட்டால் நல்ல காரணமும் கெட்டுப்போகும்.

6. எந்தத் துப்பாக்கி

சாதாரணக் குடிமக்களுக்குத் தடைசெய்யப்படாத வகை மட்டும். 12 போர், .32 ரிவால்வர் அல்லது பிஸ்டல், .22, .315 ரைபிள் போன்றவை. 9 எம்.எம்., .303, 7.62 இவை தடை வகை, அந்தப் பேச்சே வேண்டாம். 2019-க்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டுதான் வைத்திருக்கலாம், தாத்தா விட்டுப் போனதும் அந்தக் கணக்கில் சேரும்.

வீட்டுக்கு என்று கேட்டால் என் பரிந்துரை 12 போர் இரட்டைக் குழல். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகமே வராது. நெம்புகோலைத் தள்ளினால் குழல் மடிந்து திறக்கும், இரண்டு வட்டமும் கண்முன் வந்துவிடும். தூக்கக் கலக்கத்தில் எழுந்தவனுக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை. மேலும் அது நீளமாக, ஏறக்குறைய மூன்று கிலோ கனமாக இருப்பது குறை அல்ல. சட்டைக்குள் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போக முடியாது, பிள்ளையும் பையில் போட்டு எடுத்துப் போக முடியாது.

முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் பம்ப் ஆக்‌ஷனில் கூடுதல் தோட்டா போடலாம். ஆனால் குழலுக்கு அடியில் உள்ள அறையில் ஒன்று தங்கியிருப்பது வெளியே தெரியாது. விடாமல் பழகுபவர்களுக்கு மட்டும்.

.32 ரிவால்வரைத்தான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையில் தயாராவது. கைக்கு அடக்கமானது என்பதே அதில் ஆபத்து. தலையணைக்கு அடியில் போகும், குடித்துவிட்டு வந்த இரவில் கையில் வரும். பழக்கமில்லாதவர் ஓர் அறையின் நீளத்திலேயே குறி தவறுவார். தினமும் பணத்தோடு பயணம் செய்யும் தொழில் இருந்தால் அர்த்தமுண்டு. வீட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம் என்பேன்.

.315 ரைபிள் வீட்டுக்கு ஆகவே ஆகாது. அதன் குண்டு கிலோமீட்டர் கணக்கில் பாயும். உங்கள் ஜன்னலுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நெல்லிக்குப்பத்தில் ஒரு தெரு, தேவனாம்பட்டினத்தில் ஒரு சந்து. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீற்றுத் தட்டி, அதற்கு அந்தப் பக்கம் தூங்கும் குடும்பம். உயிருக்கு ஆபத்தான தாக்குதலில், அப்பாவி ஒருவருக்கு ஆபத்து நேராமல் காத்துக்கொள்ள வழியே இல்லாதபோது மட்டும்தான் பாரதிய நியாய சன்ஹிதாவின் 44-ஆம் பிரிவு துணை வரும். தோட்டாவைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதையே நினையுங்கள். 12 போர் தோட்டாவுக்குள் இருப்பவை ரவைகள். எல்.ஜி. போன்ற பெரிய ரவைகள் சுவர்த் தடுப்புகளைத் துளைத்துக்கொண்டு போகும். அறைக்குள் இருக்கும் தூரத்துக்குச் சிறிய ரவையே உயிரை எடுக்கும் வலுவுள்ளது. எதுவும் 'பயமுறுத்த மட்டும்' ஆன தோட்டா இல்லை.

வானத்தை நோக்கிச் சுட்டு விரட்டலாம் என்ற எண்ணத்தையும் விடுங்கள். பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி அஜாக்கிரதையாகச் சுட்டால் ஆயுதச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கல்யாணத்தில் சுடுவதற்கும் இதே பிரிவுதான்.

ஏர் கன் பற்றி ஒரு வரி. 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் .177 அங்குலத்தைத் தாண்டாத துளையும் உள்ளதற்கு உரிமம் வேண்டாம். அது திருடனைத் தடுக்காது. நிஜத் துப்பாக்கி என்று அவன் நினைத்தால் உங்கள் உயிருக்குத்தான் ஆபத்து.

7. வாங்கும் நாள்

உரிமம் பெற்ற கடையில் மட்டும் வாங்குங்கள். உரிமத்தில் உங்கள் யு.ஐ.என். (உரிமதாரருக்கான தனி அடையாள எண்), ஆயுத வகை, செல்லும் எல்லை, தோட்டாவின் அளவு, முடியும் தேதி எல்லாம் சரியா என்று கடைக்குப் போகும் முன் பாருங்கள். துப்பாக்கியில் பொறித்த எண்ணையும் உரிமத்தில் கடைக்காரர் எழுதும் எண்ணையும் விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் சட்டப்படி அது வேறு துப்பாக்கி. வாங்கியதும் தாமதிக்காமல் அலுவலகத்தில் காட்டிப் பதிவு செய்துவிடுங்கள்.

8. வைக்கும் இடம்

என் பேரனுக்கு அப்போது ஆறு வயது. ஒரு நாள் மதியம் கூடத்தில் ஏதோ உருளும் சத்தம். போய்ப் பார்த்தால் சிவப்புத் தோட்டா ஒன்றைத் தரையில் உருட்டி, பித்தளை அடி பளபளப்பதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான். டிரங்குப் பெட்டியின் பூட்டை நான்தான் போடாமல் விட்டிருக்கிறேன். அன்று மாலையே இரண்டு இரும்புப் பெட்டி வாங்கினேன்.

துப்பாக்கி ஒன்றில், தோட்டா இன்னொன்றில். இரண்டு சாவியும் உங்களிடமே இருக்க வேண்டும். பெட்டியைச் சுவரில் போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் திருடன் பெட்டியோடு தூக்கிப் போவான். விண்ணப்பத்திலும் பாதுகாப்பான இடம் இருக்கிறதா என்ற கேள்வி உண்டு. காணாமல் போனால் உடனே காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள்.

உரிமம் உங்களுக்குத்தான், மகனுக்கோ வாட்ச்மேனுக்கோ இல்லை. நீங்கள் வெளியூரில் இருக்கும்போது அவர்கள் கையில் சாவி இருந்தால் அதுவே குற்றத்துக்கு வழி.

கடல் காற்று நம் பகுதியில் இரும்பைத் தின்றுவிடும். வாரம் ஒருமுறை திறந்து, வெறுமையாக்கி, குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். நல்ல குழல் கண்ணாடி வளையல்களை அடுக்கியதுபோல மின்னும். ஓரிடத்தில் மங்கலாக, காபித் தூள் ஒட்டினாற்போலத் தெரிந்தால் துரு. துணியால் துடைத்து மெல்லியதாக எண்ணெய் தடவுங்கள். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டாதீர்கள், ஈரம் பிடிக்கும்.

வெள்ளத்துக்கும் யோசித்து வையுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை பெருகியபோது தரைத்தளத்தில் பெட்டி வைத்திருந்தவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். பெட்டி மேல்தளத்தில் இருக்கட்டும். வீட்டைக் காலி செய்து போக வேண்டி வந்தால், துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

9. முள்ளோடையைத் தாண்டும்போது

இதில்தான் நம் பகுதிக்காரர்கள் அறியாமல் தவறு செய்கிறார்கள். உரிமத்தில் எழுதியிருக்கும் எல்லைக்குள்தான் துப்பாக்கியோடு நடமாடலாம். கடலூரிலிருந்து ரெட்டிச்சாவடி தாண்டினால் முள்ளோடை, கன்னியக்கோயில், புதுச்சேரி மண். உரிமம் தமிழ்நாட்டுக்கு மட்டும் என்றால் அந்த இடத்தில் நீங்கள் உரிமமில்லாதவர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக்குப் போனாலும் புதுச்சேரிக்குள் நுழைந்துதான் வெளியேற வேண்டும். பழுது பார்க்கவோ தோட்டா வாங்கவோ கொண்டு போவதாக இருந்தால் முதலில் எல்லையைப் படியுங்கள், தேவைப்பட்டால் விரிவாக்கம் கேட்டு எழுதிக் கொடுங்கள். வீடு மாறினாலும் இரு பக்க அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும்.

தேர்தல் அறிவிப்பு வந்தால், துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரலாம். யாரும் தேடி வரும்வரை காத்திராமல், வெறுமையாக்கித் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்து ரசீதை உரிமத்தோடு வையுங்கள்.

10. சுட நேர்ந்துவிட்டால்

ஆபத்து நீங்கியதும் துப்பாக்கியை வெறுமையாக்கிக் கீழே வையுங்கள். 112-க்கு அழையுங்கள், காயம்பட்டவருக்கு ஆம்புலன்ஸும் கேளுங்கள். அவர் திருடனாக இருந்தாலும் இது உங்கள் கடமை, உங்கள் நோக்கத்துக்கும் இதுதான் சாட்சி.

எதையும் நகர்த்தாதீர்கள். உடைந்த பூட்டு, அறுபட்ட கம்பி, கீழே கிடக்கும் அரிவாள், காலித் தோட்டா எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும். ரத்தத்தைக் கழுவிவிட்ட வீட்டார் தங்கள் சாட்சியைத்தான் கழுவினார்கள். கேமராப் பதிவு அழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்.ஐ.ஆர். உங்கள் மேல் வரலாம், துப்பாக்கியையும் எடுத்துப் போவார்கள். பதறாதீர்கள், கைப்பற்றியதற்கு எழுத்தில் சான்று கேளுங்கள். தாக்குதல் வந்தது, தற்காத்துக்கொண்டேன் என்பதை முதல் வாய்ப்பிலேயே சொல்லிவிட்டு, விவரமான வாக்குமூலத்துக்கு வழக்கறிஞரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். தேவைக்கு மேல் போனதாக நீதிமன்றம் கருதினாலும், நல்லெண்ணத்தோடு தற்காப்பில் எல்லை மீறிய மரணம் கொலையாகாது, கொலையாகாத மரணம் விளைவித்தல் என்ற குறைந்த குற்றமாகும் என்ற விதிவிலக்கு உண்டு. அதற்கும் உங்கள் முதல் சொல் உண்மையாக இருக்க வேண்டும்.

11. புதுப்பித்தலும், நமக்குப் பிறகும்

உரிமம் 5 ஆண்டுக்கு. முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பித்து ஒப்புகையை வைத்திருங்கள். காலாவதியான மறுநாள் முதல் வீட்டில் இருப்பது சட்டவிரோதத் துப்பாக்கி.

உரிமதாரர் இறந்தால் குடும்பம் அதைப் பரணில் வைத்திருக்கக் கூடாது. உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். வாரிசுக்கு வேண்டுமானால் தன் பெயரில் விண்ணப்பிக்கலாம். என் உரிம நகல், துப்பாக்கி எண், பெட்டிச் சாவி இருக்கும் இடம், நிலையத்தின் தொலைபேசி எண் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு ஒட்டி, என் மனைவியின் புடவை அலமாரியில் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். உறையின் மேல் எழுதியிருப்பது: "முதல் வாரத்திலேயே கொடுத்துவிடவும்."